மெடிகேர் மருந்துத் திட்டம்: வந்த வழியும் தேர்ந்தெடுக்கும் விதமும்

அக்டோபர் பிறந்தால், பிள்ளைகளோடு அமெரிக்காவில் குடியேறிவிட்ட நம் புதுவை நண்பர்கள் போனில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இந்த வருஷம் எந்த மருந்துத் திட்டத்தை எடுக்கலாம்?" நான் கோப்பு பார்த்தே காலம் கழித்த குமாஸ்தா. ஒரு விதி சிக்கலாக இருந்தால், அது பிறந்த கதையைத் தேடுவது என் பழக்கம்.

1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் அட்டை முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனுக்கு. 65 வயதானவர்களின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் டாக்டர் செலவுக்கும் வழி பிறந்தது. கடையில் வாங்கும் மாத்திரைக்கு வழியில்லை. 1988இல் மருந்தையும் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் செலவை முதியவர்கள் தலையிலேயே கட்டினார்கள். 1989 ஆகஸ்டில் சிகாகோவில், காங்கிரஸ் உறுப்பினர் ரோஸ்டென்கோவ்ஸ்கியின் காரை முதியவர்களே மறித்துக் கூச்சலிட்டார்கள். அந்த வருஷமே சட்டம் ரத்தானது.

அடுத்த சட்டத்தில் ஜனாதிபதி புஷ் 2003 டிசம்பர் 8 அன்று கையெழுத்திட்டார். 2006 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தனியார் கம்பெனிகள் திட்டங்களை நடத்தும், அரசு மானியம் தரும், மருந்து விலையில் அரசு பேரம் பேசக் கூடாது என்பது ஏற்பாடு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இது வியப்பாக இருந்தது. பிரான்சில் காப்பீடு பணம் தரும் மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே பட்டியல். அமெரிக்காவில் கம்பெனிக்கு ஒரு பட்டியல். எதில் சேர்வது என்ற பாரம் முதியவர் மேல் விழுந்தது.

இன்னொரு விசித்திரம்: 2006இல் மொத்த மருந்துச் செலவு 2,250 டாலரைத் தாண்டினால், 5,100 டாலர் வரை முழுப் பணமும் கைக்காசு. 'டோனட் ஓட்டை' என்றார்கள். நமக்கு மெதுவடை ஓட்டை என்றால் புரியும். 2010 சட்டம் அதைச் சிறிது சிறிதாக அடைத்தது. 2022 சட்டம் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் என்று வரம்பு வைத்தது. 2025 முதல், திட்டத்தில் அடங்கிய மருந்துகளுக்கு வருஷக் கைச்செலவு 2,000 டாலரோடு நின்றது. 2026இல் அது 2,100. சில மருந்துகளுக்கு அரசு பேரம் பேசவும் வழி திறந்தது.

நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாதச் சந்தா குறைவு என்று மட்டும் பார்த்துச் சேராதீர்கள். நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையின் பெயர், மில்லிகிராம், வேளை மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அவை திட்டத்தின் பட்டியலில் உண்டா, உங்கள் மருந்துக்கடை அதில் சேர்ந்ததா என்று பாருங்கள். பிறகு சந்தாவையும் கைச்செலவையும் கூட்டி வருஷக் கணக்குப் போடுங்கள். மெடிகேரின் இணையதளமே அந்தக் கணக்கைப் போட்டுத் தரும். எதையும் விற்காமல் இலவசமாக யோசனை சொல்லும் அரசு உதவி மையம் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு.

"எனக்கு மாத்திரையே இல்லையே" என்று சும்மா இருப்பதும் ஆபத்து. இதற்கு ஈடான வேறு காப்பீடு இல்லாமல் தாமதித்தால், மாதத்துக்கு 1 சதவீதம் அபராதம் சந்தாவோடு ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலோருக்கு அது ஆயுள் முழுக்கத் தொடரும். பட்டியல் வருஷா வருஷம் மாறும். ஆகவே போன வருஷத் திட்டம் நன்றாக இருந்தாலும், அக்டோபர் 15க்கும் டிசம்பர் 7க்கும் இடையில் ஒருமுறை அந்தத் தாளை எடுத்துச் சரிபார்த்துவிடுங்கள்.