சோறு போடும் படிப்பும் பிடித்த படிப்பும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தவுடன் வருசா வருசம் ஒரே கேள்வியைப் பத்திரிகைகள் கையில் எடுத்துக்கொள்கின்றன. பிடித்த பாடத்தை எடுப்பதா, வேலை கிடைக்கும் பாடத்தை எடுப்பதா? இரண்டு கதவுகள் திறந்து கிடப்பது போலவும், நடுவில் நிற்கும் பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்புவது போலவும் ஒரு சித்திரம். நம் கூட்டங்களுக்கு வரும் மாணவர்களும் இப்போது இதே மொழியில் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு, சேரியிலிருந்து பார்த்தால் அது வேறு வரலாறு. நமக்குக் கதவுகள் திறந்து கிடந்த காலம் எது, திறந்தவர் யார், எந்தக் கதவை மட்டும் திறந்தார் என்பதைப் பேசாமல் ஆர்வத்தைப் பற்றிப் பேசுவது ஊர்க்காரன் பேச்சாகத்தான் இருக்கும்.

அம்பேத்கரிடமிருந்தே தொடங்கலாம். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாத பிள்ளைக்கு அந்தப் பாடம் மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்துக்கொண்டார். 'பாரசீகம் படித்தவர்' என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏதோ விருப்பப் பாடம் போல எழுதிவிட்டுப் போகிறார்கள். அது விருப்பம் இல்லை, மிச்சம். சமஸ்கிருதத்தைப் பின்னாளில் தாமாகக் கற்றுக்கொண்டார். அப்படியும் விட்டார்களா? 1946இல் சூத்திரர்கள் யார் என்ற கேள்வியை எடுத்து அவர் நூல் எழுதியபோது, சமஸ்கிருதம் அறியாதவர் இதைப் பேசலாமா என்ற ஆட்சேபணைக்கு முன்னுரையிலேயே பதில் சொல்ல வேண்டியிருந்தது. பாடத்தை மறுத்த கூட்டமே, பாடம் தெரியாது என்று குற்றமும் சொல்கிறது.

1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் சுதந்திரமாகப் பறந்து போனது இல்லை. பரோடா மன்னரின் உதவித்தொகை, படித்து முடித்துப் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு வந்தது. படிப்பும் வேலையும் ஒரே தாளில் கையெழுத்தான கதை அது. ஆனால் நியூயார்க்கில் அவர் செய்ததைப் பாருங்கள். பொருளாதாரம் முதன்மைப் பாடம், கூடவே சமூகவியல், வரலாறு, தத்துவம், மானிடவியல் என்று கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டார். 1916 மே மாதம் ஒரு மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றி அவர் வாசித்த கட்டுரைதான் நம் அரசியலுக்கு அடிமனை. அந்தக் கட்டுரையால் எந்த வேலையும் கிடைத்திருக்காது. 1917இல் ஒப்பந்தப்படி வேலை ஏற்கப் பரோடா போனார். பாரசீகர் விடுதியில் தங்கியிருந்தவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். ஊரில் தங்க இடம் கிடைக்காமல் பம்பாய் திரும்பினார். வேலைக்கென்று படித்த படிப்பு, வேலை செய்ய ஒரு வாடகை அறையைக்கூட வாங்கித் தரவில்லை.

தமிழ் மண்ணுக்கு வருவோம். 1947இல் திருத்தப்பட்ட வகுப்புவாரி அரசாணையில் 14 இடங்களில் 2 இடம் நமக்கு. மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் அதைப் பொருத்தியதை எதிர்த்து இரண்டு பார்ப்பனர்கள் வழக்குப் போட, 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. வழக்கு எந்தப் படிப்புகளைச் சுற்றி நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் தமிழ் இலக்கியம் படிக்கிறோம் என்று சொன்னபோது யாரும் வழக்குப் போடவில்லை. அந்த ஆண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) வந்தது.

அடுத்த இரண்டாண்டில் ராஜாஜி தமது ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் இதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார், 1954இல் காமராசர் ஆட்சி கைவிட்டது. தச்சன் மகனும் குயவன் மகனும் தொழிலை இழந்துவிடக் கூடாதே என்று அன்று பரிந்து பேசியவர்கள், சேரிப் பிள்ளை மீதி நேரத்தில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. செத்த மாட்டை இழுப்பதையா? ஆண்டை வீட்டு எருவை வாருவதையா? திட்டம் போனது. 'உங்களுக்கு இது போதும்' என்ற எண்ணம் போகவில்லை. அது பள்ளி அலுவலகத்திலும் கல்லூரி அலுவலகத்திலும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

அதை நான் நேரில் பார்த்தேன். நான் பிளஸ் டூ முடித்தது 1984இல், பழைய தென்னாற்காடு மாவட்டத்தில். பதினோராம் வகுப்பில் சேரும்போதே பாதி விதி எழுதப்பட்டுவிடும். பர்ஸ்ட் குரூப்பில் ஊர்ப் பிள்ளைகள், கடைசிக் குரூப்பிலும் தொழிற்பிரிவிலும் நாங்கள். மார்க் குறைவு என்பார்கள். மார்க் இருந்தவனுக்கும் அதே பதில்தான். எங்கள் தெருவில் படித்தவர்கள் என்று கேட்டுப் பார்க்க ஆள் கிடையாது. ரயில்வேயில் கேங்மேனாக இருந்த பெரியப்பா ஒருவர்தான் எங்களுக்கெல்லாம் ஆலோசகர். 'எது வேணா படி, டைப்பு மட்டும் ஹையர் பாஸ் பண்ணிடு. எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சி வையி. மாசம் பொறந்தா சம்பளம், அதான் படிப்பு' என்பார். அம்மாவுக்கு இவ்வளவுகூடத் தெரியாது. 'வெயில்ல நிக்காத வேலையா பாத்துப் படி சாமி' என்றாள். நடவு வயலில் நாளெல்லாம் குனிந்து நின்ற ஒருத்தி வேலைவாய்ப்பு என்பதற்குக் கொடுத்த விளக்கம் அது. இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த வழிகாட்டி நூலிலும் நான் படித்ததில்லை.

எனக்கு வரலாறு பிடிக்கும். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் விண்ணப்பத்தோடு போய் நின்றேன். பக்கத்தில் விடுதித் தோழன், அவன் வேதியியல் கேட்டிருந்தான், அதற்கான மார்க்கும் வைத்திருந்தான். எழுத்தர் எங்கள் சாதிச் சான்றிதழைப் பார்த்தார், மார்க் பட்டியலைத் திருப்பவில்லை. 'ரெண்டு பேரும் ஹிஸ்டரி போங்க. உங்க ஆளுங்களுக்கு அதுதாம்பா சரிப்படும். ஸ்காலர்ஷிப்பு எப்படியும் வந்துடும், டிகிரின்னு ஒண்ணு ஆயிடும்.' நான் கேட்கும் முன்பே நான் விரும்பியது எனக்குக் கிடைத்துவிட்டது. அன்று எனக்குச் சந்தோசம் வரவில்லை. என் விருப்பத்தையும் அவன் விருப்பமின்மையையும் ஒரே பேனா ஒரே வரியில் எழுதியது. வரலாறு வகுப்பில் ஏறக்குறைய முக்கால்வாசி எங்கள் ஆட்கள். இயற்பியல், வேதியியல் துறைகளில் நமக்குரிய இடங்களில் ஆள் வரவில்லை என்று எழுதிவைத்தார்கள்.

வேதியியல் கிடைத்திருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. பிராக்டிகல் என்றால் ரெக்கார்டு நோட்டு, வெள்ளைக் கோட்டு, உடைத்த கண்ணாடிக்குத் தண்டம். உதவித்தொகை வருவது பிப்ரவரி மார்ச்சில், செலவு வருவது ஜூலையில். கணக்குக்கு டியூசன் இல்லாமல் பி.எஸ்சி. கரையேற முடியாது என்பது அன்றைய நிலை. வரலாறு மலிவான படிப்பு. ஒரு நோட்டு, நூலகத்தில் ஒரு புத்தகம். ஏழைக்கு எது பிடிக்கும் என்பதை இப்படி எத்தனையோ சில்லறைக் கணக்குகள் தீர்மானித்தன. பெண் பிள்ளைகள் நிலை இன்னும் சுருக்கம். டீச்சர் டிரெயினிங், இல்லாவிட்டால் நர்ஸ். என் தங்கைக்குக் கணக்கு அவ்வளவு நன்றாக வரும். அதை வைத்து அவள் கடைசிவரை போட்டது ஆரம்பப் பள்ளி வருகைப் பதிவேட்டுக் கணக்குதான்.

எந்தப் படிப்பு என்ற கேள்வியில் அம்பேத்கரே இரண்டு குரலில் பேசியிருக்கிறார், அதை மறைக்க வேண்டியதில்லை. 1942 அக்டோபரில், வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தபோது, அட்டவணைச் சாதியினரின் குறைகளைப் பற்றி அவர் கொடுத்த மனுவில், கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் நம் மக்களுக்குப் பெரிதாகப் பயன்படாது, உயர்நிலை அறிவியலும் தொழில்நுட்பமும்தான் தேவை, அரசு பணம் தராமல் அது நமக்கு எட்டாது என்று வாதிட்டார். பொருளாதாரமும் சட்டமும் படித்த மனிதர் சொன்னது. மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை 1944இல் தொடங்கியது இந்த வாதாட்டத்தின் தொடர்ச்சிதான். அதே மனிதர் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950இல் ஔரங்காபாத்தில் பின்னாளில் மிலிந்த் என்று பெயர் பெற்ற கல்லூரியையும் தொடங்கினார். இரண்டும் கலை, அறிவியல் கல்லூரிகள். மிலிந்தில் முதல்வராக இருந்தவர் எம்.என். வான்கடே, அங்கே பாடம் நடத்தியவர் கங்காதர் பான்தாவணே. மராத்தித் தலித் இலக்கியத்துக்குக் களமாக இருந்த 'அஸ்மிதாதர்ஷ்' பத்திரிகையை 1960களின் கடைசியில் நடத்தத் தொடங்கியவர் இந்த பான்தாவணேதான். பயன்படாது என்று சொல்லப்பட்ட கலைப் படிப்பின் வகுப்பறை ஓரத்திலிருந்துதான் நாம் இன்று கைவைத்து எழுதும் இந்த எழுத்துக்கே ஒரு வழி வந்தது. இது முரண்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. மனு அரசிடம் கேட்டது, எட்டாத விலையிலிருந்த படிப்பை. கல்லூரியோ நம் பிள்ளைகளுக்கு, எதையாவது விரும்பிப் பார்க்க ஓர் இடம்.

என் தலைமுறைக்கு ஒரு வசதி இருந்தது. எந்தப் பட்டமானாலும் அரசு வேலைக்கு எழுதலாம், 18 சதவீத இடஒதுக்கீடு இருந்தது. அதனால் பாடம் எது என்பது பெரிய விசயமாகத் தெரியவில்லை. வேலைவாய்ப்பு அட்டையை மூன்று வருசத்துக்கு ஒரு தரம் புதுப்பித்துக்கொண்டு காத்திருந்தோம். என் வேதியியல் தோழன் வரலாற்றுப் பட்டத்தை வைத்துக்கொண்டு குரூப் 4 எழுதி வருவாய்த் துறைக்குப் போனான். 1991க்குப் பிறகு இந்தத் தரை நழுவியது. 2001 இறுதியில் தமிழ்நாடு அரசு புதிய பணி நியமனத்துக்கே தடை போட்டது, அது நீங்க 2006 ஆனது. தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. இன்னொரு பக்கம், 1984ஐ ஒட்டி முளைக்கத் தொடங்கிய சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வயல்வெளியெல்லாம் எழும்பின. 2012இல் வந்த அரசாணை 92, அந்தக் கல்லூரிகளில் சேரும் நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றபோது, முதல் தலைமுறையில் பலர் பொறியியலுக்குள் போனார்கள். போனது நல்லது என்றே நான் சொல்வேன். ஆனால் அவர்கள் வெளியே வந்தபோது சந்தை நிரம்பிக் கிடந்தது. நேர்காணலில் ஆங்கிலத்தையும் அப்பா தொழிலையும் கேட்டார்கள். வேலைக்காகப் படித்த படிப்புக்கும் வேலை இல்லை என்பதை அவர்கள் பரோடாவுக்குப் போகாமலே தெரிந்துகொண்டார்கள்.

2016 ஜனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் இறந்த ரோகித் வெமுலா, தாம் கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியதைக் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். வேலை எதுவும் கேட்கவில்லை, நட்சத்திரங்களைப் பற்றி எழுத ஆசைப்பட்டார். அவருடைய உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நின்றிருந்தது.

2017இல் அரியலூர் அனிதா. பிளஸ் டூவில் 1200க்கு 1176. அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். முந்தைய பத்தாண்டுகளில் இருந்த முறைப்படி பார்த்தால் மருத்துவ இடம் உறுதி. நீட் வந்தது, உச்ச நீதிமன்றம்வரை போனாள், செப்டம்பர் 1ஆம் தேதி இறந்தாள். அந்த வாரம் எங்கள் ஊர் டீக்கடையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், ஊர்த் தெருக்காரர், பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: 'இஞ்சினியரிங்ல சீட்டு கெடச்சிதாமே. போயிருக்கலாமில்ல. வேலைக்கு வேலையும் ஆச்சு. டாக்டருக்குத்தான் படிப்பேன்னு என்னா பிடிவாதம் அந்தப் பொண்ணுக்கு?'

உங்க பையன் என்ன படிக்கிறாருங்க என்று கேட்டேன்.

'அவனா? சென்னையில போட்டோகிராபி படிக்கிறான். நாங்க ஒண்ணும் சொல்றதில்ல. அவனுக்கு எது இஷ்டமோ அதப் படிக்கட்டும்னு விட்டுட்டோம்' என்றார்.