போரில் அறமா? போரே அறமா?

பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அறப்போர் புரிந்தான் என்பர். பசுவும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும், பிதிர்க்கடனாற்றும் மைந்தரைப் பெறாதோரும் அம்பு பாயுமுன் அரண் சேர அறிவித்தானாம். புறநானூற்றின் 9ஆம் பாட்டில் நெட்டிமையார் தரும் பட்டியல் இது. உழவன் எங்கே? அவர் பாடிய 15ஆம் பாட்டில் விடை கிடைக்கிறது: பகைவர் நாட்டு விளைவயல்களில் வழுதியின் தேர்கள் ஓடின, நகரங்கள் கழுதை ஏரால் பாழாயின!

எப்படிப் போரிடுவது என்பதற்கு முறை உண்டு, ஏன் போரிடுவது? அதைக் கேட்டவர் கோவூர்கிழார். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டிருந்தான். இருவரும் சோழர்; எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்று இடித்துரைத்தார் புலவர்.

1945இல் ஐக்கிய நாடுகள் சாசனமும் தற்காப்பு, பாதுகாப்பு அவையின் ஒப்புதல் என்னும் இரண்டுக்கு அப்பால் படைவலியை விலக்கியது. தோழர்களே! அறப்போர் என எவர் முழங்கினும் முதலில் கேளுங்கள்: எதற்காக? அழிவது யாருடைய வயல்?