அர்னெய்ஸ்: போக்கிரிப் பட்டம் சுமந்த திராட்சை

இத்தாலியின் வடமேற்கே பியெமொந்தே மாநிலத்தில் தானாரோ என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் வலக்கரையில் லாங்கே குன்றுகள். பரோலோ, பார்பரெஸ்கோ என்று உலகம் கொண்டாடும் சிவப்பு ஒயின்கள் அங்கே பிறக்கின்றன. இடக்கரையில் இருப்பது ரொயேரோ. ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்த மணல் மண், செங்குத்தாகச் சரிந்த பள்ளத்தாக்குகள், இடையிடையே பழத்தோட்டங்கள். இந்த மணலில்தான் அர்னெய்ஸ் என்ற வெள்ளைத் திராட்சை விளைகிறது. அதன் ஒயினில் வெள்ளைப் பூக்களின் மணமும் பேரிக்காயின் சாயலும் இருக்கும். விழுங்கிய பிறகு வாதுமையின் மெல்லிய கசப்பு நாக்கில் நிற்கும்.

இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் எல்லாரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். பியெமொந்தேப் பேச்சில் அர்னெய்ஸ் என்றால் போக்கிரி, வாலு, சொன்ன பேச்சு கேளாதவன். திட்டவும் இந்தச் சொல் உதவும், பிள்ளையைச் செல்லமாகக் கடிந்துகொள்ளவும் உதவும். கொடியின் குணமும் அதற்கேற்பவே இருக்கிறது. சாம்பல் நோய் எளிதில் பற்றிக்கொள்ளும். முன்பு பயிரிட்ட வகைகளில் விளைச்சல் குறைவு. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பழம் முற்றும் நேரத்தில் கொஞ்சம் அசந்தால் புளிப்பு மளமளவென்று இறங்கி, ஒயின் சப்பென்று போய்விடும். இப்படிப் படுத்துகிற கொடிக்குப் போக்கிரி என்று பேர் வைத்ததில் என்ன வியப்பு என்பார்கள்.

அந்தப் பேச்சுச் சொல்லின் வரலாறும் சுவையானதுதான். இத்தாலியப் பொதுமொழியில் அதன் உடன்பிறப்பு அர்னேசே. கருவி, தட்டுமுட்டுச் சாமான் என்று பொருள். பழைய பிரெஞ்சில் ஹர்னெய்ஸ் என்றிருந்த சொல் அது. போர்வீரனின் கவசம், குதிரையின் சேணம், படையின் தளவாடம் எல்லாம் அதில் அடங்கும். ஆங்கிலத்தின் ஹார்னஸ் இதே குடும்பம். படைக்கான உணவுச் சுமையைக் குறித்த வடஐரோப்பிய நோர்ஸ் மொழிச் சொல்லை இதன் வேராகச் சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டுகிறார்கள். தாந்தே தம் காவியத்தின் நரகப் பகுதி, இருபதாம் காண்டத்தில் பெஸ்கியெரா என்ற கோட்டையையே அர்னேசே என்கிறார். சோற்று மூட்டையில் தொடங்கிய சொல் கவசமாகி, கோட்டையாகி, பின்பு வீட்டுச் சாமானாகத் தேய்ந்தது. சாமானைக் குறித்த சொல் ஆளையும் குறிக்கத் தொடங்கியது. மோசமான ஆளை இத்தாலியர் கெட்ட அர்னேசே என்பார்கள். பியெமொந்தேயின் போக்கிரி இந்த வழியாக வந்து சேர்ந்தவன்.

ஆனால் திராட்சையும் இந்த வழியாகத்தான் வந்ததா என்பதே என் கேள்வி. பதினைந்தாம் நூற்றாண்டு ஆவணங்களில், 1432இலும் 1478இலும், ரெனேசியோ என்ற பெயரையொட்டிய சொல் கொடிகளோடு சேர்ந்து வருகிறது. ரெனேசியோ ஓர் இடத்தின் பெயர். ரொயேரோவின் நடுவே கனாலே ஊரை அடுத்த குன்றுப் பகுதி. திராட்சை அந்த இடத்தால் பெயர் பெற்றிருக்கலாம் என்று கொடி ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ரெனேசியோ எப்படி அர்னெய்ஸ் ஆகும் என்று கேட்கலாம். பியெமொந்தேக்காரர் விடைபெறும்போது சொல்வது அர்வெட்சே. பொதுமொழியில் அது ரிவெதெர்சி. மொழிமுதல் ரகரத்தை அடுத்த உயிர் அழுத்தம் இல்லாமல் இருந்தால் அவர்கள் வாயில் அது விழுந்துவிடும். ரகரத்துக்கு முன்னால் ஓர் அகரம் முளைக்கும். ரங்கனை அரங்கன் ஆக்கிய நமக்கு, ரகரத்தில் சொல்லைத் தொடங்கத் தயங்கும் நாக்கைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ரெனேசியோ அதே பாதையில் நடந்தால் அர்னெய்ஸ் என்பதில்தான் வந்து நிற்கும்.

என் கணிப்பு இதுதான். இடப்பெயர் தேய்ந்து அர்னெய்ஸ் ஆன பிறகு, அதே ஒலியில் ஏற்கெனவே ஊரில் புழங்கிய போக்கிரி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். கொடியும் அடங்காப்பிடாரியாக இருந்ததால் கதை பொருந்திப்போயிற்று, மூலப்பெயர் மறைந்துபோயிற்று. பொருத்தமாக இருக்கிறது என்பது சொற்பிறப்புக்குச் சான்றாகாது. பொருத்தம் கூடக்கூடச் சந்தேகமும் கூடவேண்டும்.

இந்தத் திராட்சைக்கு வெள்ளை நெபியோலோ என்றொரு மாற்றுப்பெயரும் உண்டு. நெபியோலோ இந்தப் பக்கத்துச் சிவப்புத் திராட்சைகளின் அரசன். அர்னெய்ஸுக்கு அதனோடு உறவு எதுவும் இல்லை. பக்கத்தில் நின்றதால் வந்த பெயர் அது. நெபியோலோ வரிசைகளுக்கு நடுவே விவசாயிகள் அர்னெய்ஸை ஊன்றினார்கள். அது முன்னதாகப் பழுத்து இனித்து மணக்கும். பறவைகள் அதைக் கொத்திவிட்டு, விலைபோகும் நெபியோலோவை விட்டுவைக்கும். பறவைக்குப் போக மிஞ்சிய அர்னெய்ஸைப் பறித்து, நெபியோலோவின் துவர்ப்பைத் தணிக்க அதோடு கலந்தார்கள். தனக்கென ஒரு புட்டி இல்லாமல் காவல்கூலியாகவே காலம் தள்ளிய திராட்சை இது. சிவப்புக்கே மதிப்பு ஏறிய இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கூலி வேலையும் போயிற்று. கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். 1960களில் அது ஏறக்குறைய அற்றுப்போகும் நிலையில் இருந்தது.

எதிர்க்கரையிலிருந்து வந்தவர் அதைக் காப்பாற்றினார். லாங்கேயில் வியெத்தி ஒயின் வீட்டை நடத்திய ஆல்பிரெதோ குர்ராதோ, 1967இல் இதை மட்டும் வைத்து, இனிப்பில்லாத வெள்ளை ஒயின் செய்ய முனைந்தார். ஆனால் பழத்துக்கு எங்கே போவது? இங்கொரு கொடி அங்கொரு கொடியாகச் சிதறிக் கிடந்தது. ரொயேரோவில் ஒரு பங்குத் தந்தையிடம் போய், ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் அறிவிக்கச் சொன்னார், அர்னெய்ஸ் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் நெபியோலோ விலையே தருகிறேன் என்று. அந்தக் குடும்பத்தார் இன்றும் சொல்லும் செய்தி இது. பறவைக்கு விட்ட பழத்துக்கு அரசனின் விலை! கூடைகள் வந்தன. அடுத்து நெய்வே ஊரின் புரூனோ ஜாகோசாவும் இறங்கினார். 1970களின் தொடக்கத்தில் அர்னெய்ஸைத் தனி ஒயினாகச் செய்தவர்கள் ஏறக்குறைய இவர்கள் இருவர்தாம். அதற்குப் பிறகு, ஆக்சிஜன் படாமல் குளிர்ச்சியாகப் புளிக்கவைக்கும் எஃகுத் தொட்டிகள் பரவின. விரைவில் கருத்து மணமிழக்கும் இந்தச் சாற்றுக்கு அவை பெரும் துணை. 1989இல் ரொயேரோ அர்னெய்ஸுக்குச் சட்டப் பாதுகாப்புள்ள வட்டாரப் பெயர் கிடைத்தது. 2004இல் இத்தாலிய ஒயின் சட்டத்தின் மிக உயர்ந்த தகுதிக்கு அது ஏற்றப்பட்டது. இன்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கலிபோர்னியாவிலும்கூட இந்தக் கொடி நிற்கிறது.

பெரும்பாலான அர்னெய்ஸ் இளமையிலேயே, ஓரிரு ஆண்டுக்குள் குடிக்க உகந்தது. மணலில் விளைந்தது பூமணத்தோடு மெல்லியதாக இருக்கும். களிமண் கலந்த இடத்தில் விளைந்தது கனம் கூடும். பெயரின் மூலத்துக்குச் சான்று தேடுபவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கலாம். கனாலேயின் அந்தக் குன்றில் இன்றும் அர்னெய்ஸ் விளைகிறது. அங்கே பறித்த பழத்தின் ஒயின் புட்டிகள் சிலவற்றில், திராட்சையின் பெயரோடு ரெனேசியோ என்ற இடப்பெயரும் சேர்த்தே அச்சிடப்படுகிறது.