விரலுக்கும் காதுக்கும் ஒரு டயல்

கருப்பு டயல் போனை இப்போதெல்லாம் அலங்காரப் பொருளாக ஷோகேஸில் வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறதாம். டெலிபோன் இலாகாவில் அதோடு பல காலம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்கு இதில் சின்ன வருத்தம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு விரலாலும் காதாலும் புழங்கக்கூடிய பொருள் அது. அந்தக் குணம் ஒரு சமயம் உயிர் காக்கும் விஷயமாகவும் ஆனது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்று ஒருவர் இருந்தார். இறந்தவர்களை அடக்கம் செய்ய ஏற்பாடு செய்து தருவது அவர் தொழில். அந்தக் காலத்தில் ரிசீவரை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண்மணி வருவார். யார் வேண்டும் என்று சொன்னால் இணைத்துக் கொடுப்பார். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை அந்தப் பெண்மணி போட்டிக் கடைக்காரருக்குத் தள்ளிவிடுகிறார் என்று ஸ்ட்ரௌஜருக்குச் சந்தேகம். போட்டிக்காரரின் மனைவியே அந்த ஆபரேட்டர் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ போகட்டும், ஆபரேட்டரே இல்லாமல் இணைப்புக் கொடுக்கும் இயந்திரத்துக்கு 1891 மார்ச் 10-ம் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த வருடமே இண்டியானா மாநிலத்தில் லா போர்ட் என்ற ஊரில் அப்படி ஓர் எக்ஸ்சேஞ்ச் ஓடத் தொடங்கியது.

ஆனால் அந்த முதல் போனில் டயல் கிடையாது, பொத்தான்கள்தான். 57-ம் நம்பர் வேண்டுமென்றால் பத்துகளுக்கான பொத்தானை 5 தடவை, ஒன்றுகளுக்கான பொத்தானை 7 தடவை அழுத்த வேண்டும். எண்ணுகிற வேலை முழுக்க மனிதன் தலையில். நடுவில் யாராவது "காபி ஆறுது" என்று குரல் கொடுத்தால் போச்சு, ஆறா ஏழா என்று மறந்துவிடும்.

1896-ல் ஸ்ட்ரௌஜரின் கூட்டாளிகள் கீத் என்பவரும் எரிக்சன் சகோதரர்களும் சுழலும் டயலைக் கொண்டுவந்தார்கள். அதிலும் முதலில் ஓட்டைகள் இல்லை. விளிம்பில் பல் போல நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள்தான். விரலை நுழைக்கும் ஓட்டைகள் பிறகு வந்தவை. எண்ணுகிற சுமையை மனிதனிடமிருந்து வாங்கி ஒரு ஸ்பிரிங்கிடம் கொடுத்ததுதான் இதில் இருக்கும் பெரிய புத்திசாலித்தனம். நீங்கள் 7-ல் விரலை விட்டுத் தடுப்பில் முட்டும்வரை சுற்றினால் போதும். எவ்வளவு தூரம் சுற்றினோம் என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

நாம் சுற்றும்போது எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்றுமே போகாது என்பது பலருக்குத் தெரியாது. சுற்றும்போது ஸ்பிரிங் முறுகுகிறது, அவ்வளவே. விரலை எடுத்ததும் டயல் தானாகத் திரும்பி வருகிறதே, அப்போதுதான் லைனில் ஓடும் மின்சாரம் விட்டு விட்டு அறுபடும். 7-க்கு ஏழு அறுப்பு, 0-க்குப் பத்து. இலாகாவில் நாங்கள் பல்ஸ் என்போம். நொடிக்குப் பத்து பல்ஸ் என்பது கணக்கு. வேகம் மாறாமலிருக்க உள்ளே ஒரு குட்டி கவர்னர். சுழலச் சுழல அதன் கைகள் விரிந்து ஒரு கிண்ணத்தில் உரசி வேகத்தைப் பிடித்து நிறுத்தும். டயல் திரும்பும்போது கேட்ட அந்த ‘கிர்ர்ர்’ சத்தம் வேறெங்கிருந்தும் வரவில்லை. அவசரக்காரர்கள் டயலை விரலாலேயே பின்னுக்குத் தள்ளுவார்கள். பல்ஸ் கணக்குக் கெட்டு ராங் நம்பர் விழும். பிறகு எங்களுக்குப் புகார் எழுதுவார்கள்!

அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சில் ஒரு செலக்டர் ஐந்து பல்ஸுக்கு ஐந்து படி மேலே ஏறும். அடுத்த ஏழு பல்ஸுக்கு ஏழு படி பக்கவாட்டில் திரும்பும். பத்து வரிசை, வரிசைக்குப் பத்து, ஆக நூறு நம்பர். காலை பத்து மணிக்கு அந்த அறைக்குள் நுழைந்தால் நூற்றுக்கணக்கான தையல் மிஷின்கள் ஒன்றாக ஓடுவது போலிருக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே எந்த ரேக்கில் கோளாறு என்று சொல்லும் மூத்தவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். காதுதான் அவருக்கு மீட்டர்.

சந்தாதாரருக்கும் காதுதான் வழிகாட்டி. ரிசீவரை எடுத்ததும் டயல் டோன் வந்தால் ‘சுற்றலாம்’ என்று அர்த்தம். மணி போகிற சத்தம் வேறு, எங்கேஜ்டு சத்தம் வேறு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட "பேசிட்டிருக்காங்க போல" என்று சரியாகச் சொல்லிவிட்டு ரிசீவரை வைப்பார். பல்ஸ் போகும்போது லைனில் எழும் ‘டக் டக்’ காதைத் துளைக்கக்கூடாது என்று, டயல் நகர்ந்த கணமே காதுப்பகுதியைத் துண்டித்துவைக்கும் ஒரு காண்டாக்ட்டையும் டயலுக்குள் வைத்திருந்தார்கள்.

பூட்டு நினைவிருக்கிறதா? பில் எகிறுகிறது என்று டயல் ஓட்டையில் சின்னப் பூட்டு ஒன்றை மாட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார்கள். வீட்டிலிருந்த கல்லூரிப் பையன்கள் பூட்டைத் தொடவே மாட்டார்கள். ரிசீவர் வைக்கும் கொக்கியை நம்பருக்கேற்ப டொக் டொக்கென்று தட்டுவார்கள். லைனை அறுப்பதுதானே பல்ஸ், டயல் அறுத்தால் என்ன, கொக்கி அறுத்தால் என்ன! தாளம் மட்டும் பிசகக்கூடாது. கொஞ்சம் தயங்கினால் அடுத்த இலக்கமாகிவிடும்.

இனி லண்டன் கதைக்கு வருகிறேன். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்தது. எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிட 0 சுற்றினார். 0 சுற்றினால் ஆபரேட்டர். ஆனால் ஆபரேட்டருக்குத் தீயும் தெரியாது, திருட்டும் தெரியாது. ட்ரங்க் கால் கேட்பவர், நம்பர் விசாரிப்பவர் எல்லோரோடும் இவரும் வரிசையில். காத்துக்கொண்டே இருந்தார். அந்தத் தீயில் ஐந்து பெண்கள் இறந்தார்கள். அவர் கொதித்துப்போய் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுத, அரசாங்கம் விசாரணைக்கு ஒரு குழு போட்டது.

அவசர அழைப்புக்குத் தனியாக ஒரு நம்பர் வேண்டும் என்பது முடிவாயிற்று. எந்த நம்பர்? 111 சுலபம்தான். ஆனால் ஒரு 1 என்பது ஒரே ஒரு அறுப்பு. காற்றில் கம்பிகள் உரசினாலே அது விழுந்துவிடும். தீயே இல்லாமல் தீயணைப்பு வண்டி கிளம்ப வேண்டியதுதான். 222 ஏற்கெனவே அபே எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விட்டது. 0 ஆபரேட்டருடையது. மிஞ்சியதில் 9 ஏன் என்பதற்கு இரண்டு காரணங்கள். காசு போடும் பொதுத் தொலைபேசியில் 0-வை மட்டும் காசில்லாமல் சுற்ற ஏற்கெனவே வழி இருந்தது. அதை அடுத்த ஓட்டையான 9-க்கும் நீட்டுவது எளிது.

இன்னொரு காரணம்தான் எனக்குப் பிடித்தது. வீடு முழுக்கப் புகை, விளக்கு அணைந்துவிட்டது, கண் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போனைத் தடவினால் டயலின் வலப்பக்கம் கீழே அந்த உலோகத் தடுப்பு தட்டுப்படும். டயலில் அசையாமல் இருப்பது அது ஒன்றுதான். அதற்குப் பக்கத்து ஓட்டை 0, அதற்கடுத்தது 9. ஒரு ஓட்டை தள்ளி விரலை நுழைத்துத் தடுப்புவரை சுற்று, மூன்று முறை. எண்ணைப் பார்க்க வேண்டியதே இல்லை.

1937 ஜூன் 30-ம் தேதி லண்டனில் 999 தொடங்கியது. யாராவது 999 சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், கூடவே ஒரு ஊதல் அலறும். ஆபரேட்டர் வேறு பக்கம் திரும்பியிருந்தாலும் காது விடாது. முதல் வாரத்தில் மட்டும் 1,300-க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன.

நியூசிலாந்தில் அவசர நம்பர் 111. அதெப்படி, கம்பி உரசினால் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். அவர்கள் டயலில் எண்கள் தலைகீழ். நம் 9 இருக்கும் ஓட்டையில் அவர்களுக்கு 1. சுற்றினால் ஒன்பது பல்ஸ் போகும். எண்தான் வேறே தவிர, 1958-ல் அங்கே 111 வந்தபோதும் விரல் போன இடம் லண்டன்காரர் விரல் போன அதே ஓட்டை. நம் ஊர் 100-க்கு மொத்தம் 21 பல்ஸ், 999-க்கு 27. நாம் கொஞ்சம் சீக்கிரம் போலீஸைப் பிடித்துவிடலாம். காற்றடித்து 111 விழலாம், 100 விழாது.

பிறகு பொத்தான் காலம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கார்லின் என்ற உளவியலாளர் இருந்தார். அதற்கு முன்பே டயலில் அவர் ஒரு வேலை செய்திருந்தார். எண்களை ஓட்டைக்கு வெளியே பெரிதாக அச்சடித்தால் வேகமாகச் சுற்றலாம் என்று நினைத்துச் செய்தார்கள். வேகம் குறைந்ததுதான் மிச்சம். விரலுக்குக் குறியில்லாமல் போய்விட்டது என்று கண்டுபிடித்து, ஓட்டைக்கடியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கச் சொன்னார். வேகம் திரும்பிவிட்டது. பொத்தான்களை எப்படி அடுக்குவது என்றும் அவருடைய குழுதான் ஆட்களை உட்கார்த்தி வைத்துப் பல அமைப்புகளைச் சோதித்தது. 1, 2, 3 மேலே வரும் இன்றைய அடுக்கு அப்படி வந்தது. கால்குலேட்டரில் 7, 8, 9 அல்லவா மேலே!

1963 நவம்பர் 18-ல் பென்சில்வேனியாவின் இரண்டு ஊர்களில் அது விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலிக்கும். 5-க்கு 770 ஹெர்ட்ஸும் 1,336 ஹெர்ட்ஸும். பழக்கமான நம்பர் ஒரு மெட்டு போலக் காதில் பதிந்துவிடும், ஒரு பொத்தான் தப்பினால் அபஸ்வரம். தடுப்பைத் தடவி எண்ணும் வசதி போனதற்கு ஈடாக 5-ன் மேல் ஒரு சின்ன மேடு வந்தது. பார்வையற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எட்டுத் திசையும் போவார்கள். ஏடிஎம்மில் தடவிப் பாருங்கள், இருக்கும்.

கண்ணாடித் திரை போனில் தடுப்பும் இல்லை, மேடும் இல்லை. விரலுக்கு எல்லா இடமும் ஒன்றுதான். இந்த இடைஞ்சலை நம் அரசாங்கமும் யோசித்திருக்கிறது. 2016-ல் போட்ட விதிப்படி, பொத்தான் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும். ஸ்மார்ட் போன் என்றால் பக்கவாட்டிலுள்ள பவர் பட்டனை மூன்று முறை வேகமாக அழுத்துவது ஒரு வழி. அந்தப் பட்டன் ஒன்றுதானே இருட்டில் கைக்குத் தட்டுப்படும்! சில போன்களில் தடவைக் கணக்கு மாறும். உங்கள் போனில் எப்படி என்று பேத்தியை விட்டு செட்டிங்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்திப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், 112-ல் நிஜமாகவே எடுத்துவிடுவார்கள்.