மூன்று நிமிட கிட்டப்பா

தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஒரு பக்கம் குற்றாலம், இன்னொரு பக்கம் செங்கோட்டை. இரண்டுமே கூப்பிடு தூரம்தான். குற்றாலத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். செங்கோட்டையை? கேரளா போகிற வழியில் ‘பார்டர் பரோட்டா’ சாப்பிட நிறுத்துகிற ஊராகத்தான் பலருக்கும் தெரியும்.

அந்த ஊரில் 1906-ல் பிறந்த ஒருவர், மைக் என்ற வஸ்து மேடைக்கு வராத காலத்தில், கொட்டகையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் போய் விழும்படி பாடினார். எஸ்.ஜி.கிட்டப்பா. எஸ் என்றால் செங்கோட்டை, ஜி என்றால் அப்பா கங்காதரய்யர். ‘வள்ளி திருமண’த்தில் அவர் வேலன், கே.பி.சுந்தராம்பாள் வள்ளி என்றால் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தது ஜனம். விடிய விடிய நாடகம்.

1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்துபோனார். வயது 27.

சினிமாவில் அவர் நடிக்கவில்லை. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்தது 1931-ல்தான். ஆக, இன்றைக்கு நம் கையில் இருக்கும் கிட்டப்பா யார்? கிராமபோன் தட்டில் இருக்கும் கிட்டப்பா. பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். அவ்வளவுதான்!

விடிய விடியப் பாடியவர் எப்படி மூன்று நிமிடமாகச் சுருங்கினார்? அதைத் தெரிந்துகொள்ள, பாடகரை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கருவியைப் பார்க்க வேண்டும்.

எடிசன் 1877-ல் போனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அது உருளை. பத்து வருஷம் கழித்து எமில் பெர்லினர் அதைத் தட்டையாக்கினார். தட்டு என்றால் அச்சடித்து ஆயிரக்கணக்கில் விற்கலாம். உருளையில் அது லேசில் நடக்காது. சங்கீதம் சரக்காக மாறியது அந்தத் தட்டையில்தான்.

1902-ல் பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். கௌஹர் ஜானைப் பாட வைத்துப் பதிவு செய்தார். அப்போது இங்கே தட்டு அடிக்கும் தொழிற்சாலை கிடையாது. பதிவு ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலில் போய், தட்டாகித் திரும்பி வரும். 1908-ல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை திறந்த பிறகுதான் அந்தக் கப்பல் பயணம் நின்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், தட்டுக்கு முக்கியமான மூலப்பொருள் அரக்கு. அது நம்ம ஊர் மரத்துப் பூச்சி கொடுப்பது. நம் குரல், நம் அரக்கு. கம்பெனி மட்டும் அவர்களுடையது!

சரி, அந்தக் கால ‘ஸ்டூடியோ’வில் என்ன இருந்தது? மின்சாரம் இல்லை. மைக் இல்லை. சுவரிலிருந்து பெரிய தகரக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பாடகர் அதற்குள் வாயை வைக்காத குறையாகப் பாட வேண்டும். குழாயின் குறுகிய முனையில் மெல்லிய சவ்வு. அதில் ஓர் ஊசி. கீழே மெழுகுத் தட்டு சுழலும். குரலின் அதிர்வு ஊசியை ஆட்ட, ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். தட்டைச் சுற்றுவதுகூட மோட்டார் இல்லை. மேலேயிருந்து மெல்ல இறங்கும் எடைக்கல்தான், பழைய பெண்டுலக் கடிகாரம் மாதிரி.

மெழுகில் விழுந்ததைப் போட்டுக் கேட்டுப் பார்க்க முடியாது. கேட்டால் கோடு அழிந்துவிடும். இருமினால், தடுக்கினால், தாளம் தப்பினால் அந்த மெழுகு வீண். முதலிலிருந்து பாடு!

இப்போது ‘மிக்ஸிங்’ என்கிறோமே, அது அன்றைக்கும் இருந்தது. ஆனால், காலால் செய்தார்கள். பாடகர் குழாய்க்குப் பக்கத்தில். ஹார்மோனியம் இரண்டடி தள்ளி. தாள வாத்தியம் மூலையில். யார் சத்தம் அதிகமாக வேண்டுமோ அவரை முன்னே தள்ளு, குறைக்க வேண்டுமோ பின்னே இழு. பாடகர் உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது ஊசி துள்ளிவிடும் என்பதால், பின்னாலிருந்து ஓர் ஆள் அவரைத் தோளைப் பிடித்து இழுப்பதும் உண்டு. இன்றைக்கு ‘கம்ப்ரஸர்’ என்ற கருவி செய்கிற வேலை இதுதான். சத்தம் எகிறினால் தானாக அமுக்கிவிடும். அன்று அதற்குக் கை கால் இருந்தது, அவ்வளவே.

அந்தக் குழாய் எதைக் கேட்டது, எதைக் கேட்கவில்லை என்பது முக்கியம். மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். குழாய்க்கு எட்டியது தோராயமாக 250 முதல் 2,500 வரைதான். மிருதங்கத்தின் தொப்பி ‘தொம்’மென்று விழும் ஓசை அதற்குக் கீழே. போச்சு. ‘சரஸ்வதி’ என்று பாடினால் நடுவில் வரும் ‘ஸ்’ அதற்கு மேலே. அதுவும் போச்சு. வயலின் சத்தம் பற்றாது என்று, வயலினிலேயே தகரக் குழாயை மாட்டி ‘ஸ்ட்ரோ வயலின்’ என்று ஒன்று செய்து பார்த்தார்கள் என்றால் பாருங்கள்!

குழாய்க்கு ஏற்ற குரல் எது? ஓங்கி, கூர்மையாக, நேராகப் பாயும் குரல். நாடக மேடைக் குரல். கொட்டகை கேட்டதையேதான் குழாயும் கேட்டது.

கிட்டப்பா புகழின் உச்சியில் இருந்த அதே வருஷங்களில் கருவி தலைகீழாக மாறியது. 1925-ல் அமெரிக்காவில் மின்சார ஒலிப்பதிவு வியாபாரத்துக்கு வந்தது. பெல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் டெலிபோனுக்காகச் செய்த ஆராய்ச்சியின் பலன் அது. குழாய் இருந்த இடத்தில் மைக் வந்தது. எல்லை 50 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது. தொப்பி கேட்டது. ‘ஸ்’ கொஞ்சம் திரும்பி வந்தது. கத்தத் தேவையில்லை, காதோடு பேசுவது போலப் பாடலாம் என்ற நிலை வந்தது.

மைக் வந்ததோடு, அதுவரை தகுதியில்லாத குரல் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் வழி பிறந்தது. மெல்லிய குரல், கமகத்தை நுணுக்கமாகத் தொடும் குரல், பேச்சுக் குரல். எல்லாம் பாட்டுக்குள் வந்தன. இன்னொரு பக்கம், கடைசி பெஞ்சுக்காகவே வளர்த்தெடுத்த குரல் மெல்ல வேலை இழந்தது. கருவி மாறும்போது இப்படித்தான். ஒருவர் கணக்கில் வரவு என்றால், இன்னொருவர் கணக்கில் பற்று.

வியாபாரிகள் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். காரைக்குடியில் அப்பாவின் கடையில் கிராமபோன் தட்டு விற்றுக்கொண்டிருந்த ஏ.வி.மெய்யப்பச் செட்டியார், 1932-ல் சென்னையில் நண்பர்களோடு சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் கம்பெனியோடு ஒப்பந்தம். தட்டு விற்றவர் தட்டு தயாரிப்பவரானார். அப்புறம் சினிமா. 1938-ல் அவருடைய ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடினார். பின்னணிப் பாட்டு தமிழுக்கு வந்த கதை இது. நடிப்பும் பாட்டும் ஒரே உடம்பில் இருந்தாக வேண்டும் என்ற கிட்டப்பா காலத்துச் சட்டம் அங்கே உடைந்தது.

அந்தச் சட்டத்தின் மறுபாதியைப் பாருங்கள்: கே.பி.சுந்தராம்பாள். 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். கிட்டப்பா போனபோது அவருக்கு 25 வயதுதான். வெள்ளைச் சேலைக்கு மாறினார். எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் ‘பக்த நந்தனா’ரில் ஒரு லட்ச ரூபாய் சம்பளத்தில் அவர் நடித்தார். வேஷம், நந்தனார். ஆண் வேஷம்! அப்புறம் 1953-ல் ‘ஔவையார்’. 1965-ல் ‘திருவிளையாடல்’. 1980 வரை வாழ்ந்தார்.

ஆக, ஒரே மேடையில் எதிரும் புதிருமாகப் பாடிய இரண்டு பேர். ஒருவர் குரல் அரக்குத் தட்டோடு நின்றுவிட்டது. இன்னொருவர் குரல் தட்டு, பிலிம் சுருள், காந்த நாடா, எல்.பி. ரெக்கார்டு என்று ஒவ்வொரு படியாக ஏறி நம் வீட்டுக்குள் வந்தது. சின்னப் பையனுக்கும் ஔவையார் குரல் தெரியும். கிட்டப்பா குரல்? தாத்தாவிடம்தான் கேட்க வேண்டும். திறமையில் இருவரும் சரிக்குச் சரி. ஆயுளும் கருவியும்தான் ஆளை மாற்றிவிட்டன.

நடுவே வந்த காந்த நாடா பற்றி ஒரு வார்த்தை. 1935-ல் ஜெர்மனியில் காட்சிக்கு வந்தது. உலகப் போர் முடிந்ததும் ஜாக் முல்லின் என்ற அமெரிக்க ராணுவக்காரர் இரண்டு மெஷின்களைப் பிரித்துப் பெட்டி பெட்டியாக ஊருக்கு அனுப்பினார். 1948-ல் ஆம்பெக்ஸ் கம்பெனி அதையே விற்க ஆரம்பித்தது. நாடாவை வெட்டலாம், ஒட்டலாம், அழித்து மறுபடி பதியலாம். மூன்று நிமிடச் சிறை உடைந்தது. ‘வள்ளி திருமணம்’ முழுசையும் அதில் பிடித்திருக்கலாம். ஆனால், வேலன்தான் இல்லையே!

இன்றைக்குத் தென்காசியில் மாடி அறை ஒன்றில் ஒரு பையன் என்ன வைத்திருக்கிறான்? ஒரு கண்டென்ஸர் மைக். அதற்கு 48 வோல்ட் கொடுத்து, குரலை எண்களாக்கி கம்ப்யூட்டருக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ். ஒரு ஹெட்போன், இரண்டு ஸ்பீக்கர். மென்பொருளுக்குள்ளேயே ஈக்வலைஸர், கம்ப்ரஸர், எதிரொலி எல்லாம். கெய்ஸ்பெர்க் பார்த்தால் மயங்கி விழுவார்.

ஆனால், இந்த ஊருக்கென்று சில சோதனைகள் உண்டு. கண்டென்ஸர் மைக்குக்கு ஈரம் ஆகாது. சாரல் சீசனில் படபடவென்று பொரிய ஆரம்பித்துவிடும். சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் மூடி வைக்க வேண்டும். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் வெளிச் சத்தம் வராது என்பது வெறும் நம்பிக்கை. கொஞ்சம் எதிரொலி குறையும், அவ்வளவுதான். தகரக் கூரை மழையை அது தடுக்காது. கனமான ஜமுக்காளம் எவ்வளவோ தேவலை.

அருவி இன்னும் மோசம். ஃபேன் சத்தம் என்றால் ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்கும். ஈக்வலைஸரில் அதை மட்டும் வெட்டி எறியலாம். குற்றாலத்து அருவியின் ஓசையில் அடியிலிருந்து உச்சிவரை எல்லா அதிர்வும் கலந்து கிடக்கிறது. வெட்டப் போனால் குரலும் சேர்ந்து போகும். பேரருவிக்கு முன்னால் கதாநாயகி பேசும் வசனத்தை அப்புறம் டப்பிங்கில்தான் பேச வைக்கிறார்கள் என்றால், காரணம் சோம்பேறித்தனம் இல்லவே.

கிட்டப்பா தட்டை ‘சுத்தம்’ செய்யும்போதும் இதே சிக்கல்தான். பழைய தட்டில் ‘கிரகிர’ இரைச்சல், அருவி மாதிரி எங்கும் பரவியிருக்கும். மென்பொருளை முடுக்கிவிட்டால் இரைச்சல் போகும். கூடவே மூச்சும் போகும். இன்னொரு விஷயம், வேகம். 78 சுற்று என்று பேர்தான். அந்தக் காலத்தில் எல்லாத் தட்டும் துல்லியமாக 78-ல் பதியப்படவில்லை. 76-ல் பதிந்ததை 80-ல் சுற்றவிட்டால் ஸ்ருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். ஆகவே, தட்டைப் போட்டுவிட்டு ‘கிட்டப்பா இத்தனை கட்டை’ என்று பந்தயம் கட்டுகிறவர்கள், முதலில் தட்டு எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

1997-ல் ‘ஆட்டோ டியூன்’ வந்தது. பூமிக்கடியில் எண்ணெய் தேடுவதற்காக அதிர்வலைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் செய்தது. ஸ்ருதி தப்பிப் பாடினாலும் இழுத்து வந்து சரியான இடத்தில் உட்கார வைத்துவிடும். குழாய்க் காலத்தில் மெழுகு, பாடகனின் தப்பை அப்படியே காட்டிக்கொடுத்தது. இப்போது தப்பே நடக்கவில்லை என்று கருவி சாட்சி சொல்கிறது.

செங்கோட்டை அன்று திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 2019-ல் தென்காசி தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. ஊர் இப்படிக் கை மாறிக்கொண்டே இருந்தது. குரல் மட்டும் தட்டுகளில் கிடக்கிறது. அரக்குத் தட்டு கை தவறினால் உடையும். உடைந்தால் ஒட்டாது.

பழைய வீட்டு அட்டத்தில், மரப்பெட்டிக்குள் கறுப்புத் தட்டுகள் ஏதாவது கிடைத்தால், பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். லேபிளைப் படியுங்கள். செங்கோட்டை என்று போட்டிருந்தால், தெரிந்த பையனின் மாடி அறைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். சரியான வேகத்தில் ஒரே ஒரு தடவை ஓடினால் போதும்.

மூன்று நிமிட வேலைதான்.