கம்பமும் காம்பவுண்டும்

சிங்கப்பூர்த் தமிழர் முற்காலத்தில் சிராங்கூன் சாலை வட்டாரத்தைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என வழங்கினர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களே இப்பெயருக்குக் காரணம். மலாய் வழக்கில் அது 'கம்போங் கப்போர்'. லிட்டில் இந்தியாவில் ஒரு சாலை இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. இரண்டையும் ஒப்பிடுங்கால், 'கப்போர்' என்பதைச் சுண்ணாம்பு என மொழிபெயர்த்தவர்கள் 'கம்போங்' என்பதை அவ்வாறு செய்யாமை புலனாகும். சிற்றூர், குப்பம், சேரி முதலிய சொற்கள் கையிலிருந்தும் அவற்றை அவர்கள் நாடவில்லை.

தமிழ்ச் சொல் ஙகர மெய்யில் முடிவதில்லை. ஆகவே 'பினாங்' உகரம் பெற்றுப் பினாங்கு ஆயிற்று. 'கம்போங்' மகர ஈறு பெற்றுக் கம்பம் ஆயிற்று. தூணைக் குறிக்கும் கம்பமும் தேனி மாவட்டத்துக் கம்பமும் முன்னரே நமக்குப் பழகியவை என்பதால், தமிழே மலாய்க்கு இச்சொல்லைத் தந்தது எனக் கூறத் தோன்றலாம். நாம் அதற்கு உடன்படோம். ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது. மலாயில் 'பெர்கம்போங்' என்றால் ஒன்றுகூடுதல். தூணுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இம்மலாய்ச் சொல் ஐரோப்பியர் வாயிலாக ஆங்கிலத்தில் 'காம்பவுண்டு' ஆனது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி போர்த்துக்கீசிய மூலத்தையும் ஆராய்ந்தது. எனினும் மலாய் மூலமே பின்னர் பெரிதும் ஏற்கப்பட்டது. கூட்டுப்பொருள் என்னும் ஆங்கிலச் சொல்லின் சாயல் அதன்மேல் படிந்ததால், பிறப்பு மறைந்துபோயிற்று. இந்தியாவில் அது மதில் சூழ்ந்த மனையைக் குறித்தது. சிங்கப்பூரிலோ, 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் சூலியா, அராபியர், பூகிஸ் ஆகியோருக்கெனத் தனித்தனிக் 'கம்போங்'கள் வரையப்பட்டன. அங்குப் பொருள் சிற்றூர் அன்று. ஓரினத்தார் குடியிருக்கும் நகரப் பகுதி.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் அடுக்குமாடி வீடுகள் பெருகின. 1961இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தது அம்மாற்றத்தை விரைவுபடுத்திற்று. கம்பங்கள் மறைந்தன, சொல் மறையவில்லை. 2018இல் திறக்கப்பட்ட அடுக்குமாடி வளாகமொன்றுக்குக் 'கம்போங் அட்மிரல்டி' என்றே பெயரிட்டனர்.

இங்கு ஆசிரியர்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். மாணவர் கட்டுரையில் 'கம்பத்து வீடு' என வந்தால் அதைக் 'கிராமத்து வீடு' எனத் திருத்துவது பொருந்தாது. கிராமமும் வடமொழிச் சொல்லே என்பது ஒருபுறம் இருக்க, சூலியாக் கம்போங்கும் சுண்ணாம்புக் கம்பமும் கிராமங்களாக இருந்ததில்லை. 'காம்பவுண்டுச் சுவர்' என எழுதும் மாணவரிடம் சுற்றுச்சுவர் என எழுதுமாறு கூறலாம். ஏனெனில் அங்கு நிகரான தமிழ்ச் சொல் உண்டு. கம்பத்திற்கு நிகர் இல்லை.