திறப்பு யாரிடம்?

இளைஞர் தலைமை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஏ.எம்.ஏ. அஸீஸ் ஞாபகம் வரும். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். 1945இல் வசதியில்லாத மாணவர்கள் படிக்க முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். 1948இல் அரச பதவியை விட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1950இல்தான் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவை உருவாக முன்னின்றார்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் படிப்பு, பிறகே வாலிபர் சங்கம். நாம் இன்று சங்கத்தில் தொடங்கிச் சங்கத்திலேயே நிற்கிறோம்.

போன வருடம் பத்தாம் தரத்தில், "பாடப்புத்தகம் தவிர வேறென்ன வாசிச்சீங்க?" என்று கேட்டேன். நாலு கைதான் உயர்ந்தது. மாணவர் தலைவனின் கை உயரவில்லை. "இந்தக் காலத்துப் புள்ளைகள் வாசிக்கிறதே இல்ல" என்று தொடங்கினேன். பின்வாங்கிலிருந்து ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "லைப்ரரி பூட்டித்தானே சேர் கிடக்கு."

திறப்பு என் மேசை லாச்சியில் கிடந்தது.

இப்போது இடைவேளையில் நூலகம் திறக்கிறது. இரவல் பதிவேட்டை அவனே எழுதுகிறான்.